கத்திரி வெயிலில் கிறிஸ்துமஸ் பாட்டு

கிறிஸ்துமஸ் பாட்டு என்றால் டிசம்பரில்தான் கேட்க வேண்டும் என்ற எண்ணம் எப்படியோ எல்லோருக்கும் வந்துவிட்டது. போன மே மாதம் வீட்டுக்கு வந்திருந்த அக்கா மகனும் அதைத்தான் சொன்னான். வெளியே அக்னி நட்சத்திர வெயில் கொளுத்துகிறது. உள்ளே ஸ்பீக்கரில் தேவாலய மணியோசை, அதைத் தொடர்ந்து சார்லஸ் பிரவுனின் குரல். "என்ன மாமா, இந்த வெயில்ல கிறிஸ்துமஸ் பாட்டு கேட்டுட்டு இருக்கீங்க? இதெல்லாம் சீசன் பாட்டு. கம்பெனிக்காரன் விக்கிறதுக்காகப் போட்டது" என்றான். அவன் கிடார் வாசிப்பவன். ராக் இசையில் நிறைய கேட்டவன். இசையில் அக்கறை இல்லாத ஒருவர் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பேன். இவன் சொன்னதால் அது மனசை விட்டுப் போகவில்லை.

நாகூர் ஹனிபாவின் "இறைவனிடம் கையேந்துங்கள்" பாட்டை ரம்ஜான் மாதம் வரட்டும் என்று யாரும் எடுத்து வைப்பதில்லை. அது எந்த மாதமும் ஒலிக்கும், எந்த மதத்துக்காரரும் நின்று கேட்பார். அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்கள் பாடிவைத்த கிறிஸ்துமஸ் பாட்டுகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வருஷக் கடைசியில் வெளியே எடுப்பார்கள், ஜனவரி பிறந்ததும் வானொலியும் கடைகளும் ஒதுக்கிவிடும். கேட்கிற அந்தச் சில வாரங்களிலும் யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை. துணிக்கடையில், லிஃப்டில், விருந்துப் பேச்சுக்கு நடுவில் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு பாடகரின் சிறந்த பதிவுகள் என்று விமர்சகர்கள் பட்டியல் போடும்போது இவை பெரும்பாலும் கணக்கிலேயே வருவதில்லை. விற்பதற்காகப் போட்டது என்பது உண்மைதான். ஆனால் அந்தக் காலத்தில் அந்தக் கம்பெனிகள் போட்ட எந்த இசைத்தட்டு விற்பதற்காகப் போடாதது?

புத்தாண்டு ராத்திரிக்காவது

அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்தது "ப்ளீஸ் கம் ஹோம் ஃபார் கிறிஸ்துமஸ்". சின்சினாட்டியில் இருந்த கிங் ரெக்கார்ட்ஸ் 1960இல் வெளியிட்டது. ராக் ரசிகர்கள் பலருக்கு இது ஈகிள்ஸ் குழுவின் பாட்டு. 1978இல் அவர்கள் பாடினார்கள், நன்றாகவே பாடினார்கள். அந்தப் பதிப்பின் புகழில் முதலில் பாடியவர் பின்னுக்குப் போய்விட்டார். சார்லஸ் பிரவுன் 1922இல் டெக்சஸ் சிட்டியில் பிறந்தவர், வேதியியல் படித்துப் பட்டம் வாங்கியவர். 1940களில் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போய், ஜானி மூரின் த்ரீ பிளேசர்ஸ் குழுவில் பியானோ வாசித்துப் பாட ஆரம்பித்தார். பின்னாளில் பெரும் பாடகரான ரே சார்லஸ் தொடக்க காலத்தில் பாடகர் நாட் கிங் கோலைப் போலவும் இவரைப் போலவும் பாடித்தான் பழகினார். பிரவுன் குரலை உயர்த்தவே மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து ஒருவரிடம் மட்டும் சொல்வதுபோல் பாடுவார். கோபமோ அழுகையோ இருக்காது, களைப்பு இருக்கும்.

இந்தப் பாட்டில் என்னைப் பிடித்து நிறுத்துவது ஒரே ஒரு இடம். பிரிந்துபோனவளைக் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வரச்சொல்லிக் கேட்கிறார். அடுத்த மூச்சிலேயே, கிறிஸ்துமஸுக்கு முடியாவிட்டால் புத்தாண்டு ராத்திரிக்காவது வந்துவிடு என்கிறார். அவள் கேட்காமலே அவராகத் தவணை கொடுக்கிறார். வரமாட்டாள் என்று உள்ளுக்குள் தெரிந்தவன்தான் இப்படி நாளைத் தள்ளிப்போடுவான். ஏமாந்து பழகிய ஒரு மனிதனின் மொத்தக் கதையும் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது, அதையும் அவர் எந்த அழுத்தமும் கொடுக்காமல் தாண்டிப் போகிறார். டிசம்பரில் கடையில் ஒலிக்கும்போது இந்த வரி காதில் விழாது. மே மாதத்தில், கிறிஸ்துமஸ் எங்கோ தூரத்தில் இருக்கும்போது, அது மட்டும்தான் காதில் விழுகிறது.

வீட்டுக்கு வா என்ற கெஞ்சல் இந்தப் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வருவதைக் காதல் பாட்டுகளின் வழக்கம் என்று மட்டும் எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. 1910க்கும் 1970க்கும் இடையில் ஏறக்குறைய 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கு மாநிலங்களை விட்டு சிகாகோ, டெட்ராய்ட், நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ் என்று போனார்கள். பருத்திக் காட்டுக் கூலியிலிருந்தும், நிறவெறிச் சட்டங்களிலிருந்தும், கொலைகாரக் கும்பல்களிலிருந்தும் தப்பிப் போனவர்கள். வேலை வடக்கில், அம்மாவும் பாட்டியும் தெற்கில். இந்த இசைத்தட்டுகளை வாங்கியவர்களில் எத்தனையோ குடும்பங்கள் இப்படி இரண்டு ஊராகப் பிரிந்து கிடந்தவை. பிரவுனும் டெக்சஸை விட்டுக் கிளம்பிப் போனவர்தான். இப்படிப்பட்டவர்களுக்குக் கிறிஸ்துமஸ் என்பது பரிசுப் பொட்டலத்தைவிட, யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று தெரிந்துவிடுகிற நாள். மற்ற நாட்களில் ஒருவர் இல்லாததை வேலை மறைத்துவிடும். அன்றைக்கு மறைக்க எதுவும் இல்லை.

ஸ்டுடியோவிலும் வெயில்தான்

அக்கா மகன் சொன்னது மனசில் ஓடிக்கொண்டிருந்த நாட்களில் டார்லீன் லவ் என்ற பாடகி பாடியதை மறுபடி மறுபடி கேட்டேன். பில் ஸ்பெக்டர் தயாரித்த "எ கிறிஸ்துமஸ் கிஃப்ட் ஃபார் யூ" என்ற ஆல்பத்தில் அவர் பெயரில் நான்கு பாட்டுகள் உண்டு. அதில் ஒன்று "கிறிஸ்துமஸ் (பேபி ப்ளீஸ் கம் ஹோம்)". எல்லி கிரீன்விச், ஜெஃப் பேரி, ஸ்பெக்டர் மூவரும் சேர்ந்து எழுதியது. ஆல்பத்தைப் பதிவு செய்த காலம் 1963ஆம் வருஷத்துக் கோடை. இடம் லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த கோல்டு ஸ்டார் ஸ்டுடியோ. பெரிய அறை இல்லை. அதற்குள் கிடார்கள், பியானோக்கள், சாக்ஸபோன்கள், ஹால் பிளேனின் டிரம்ஸ், மணிகள், பின்னணி பாடும் பெண்கள் என்று ஒரு கூட்டத்தையே அடைத்து வைத்து, ஒரே சுரத்தைப் பல கருவிகளில் ஒன்றாக வாசிக்க வைத்து, அந்த ஒலியை எதிரொலி அறைக்குள் செலுத்தித் திரும்ப எடுப்பது ஸ்பெக்டரின் முறை. பின்னணிக் குரல்களில் ஒன்று பின்னாளில் பெரிய பாடகியான, அப்போது 17 வயதான ஷேர் என்பவருடையது. வெளியே கலிஃபோர்னியா வெயில், உள்ளே அத்தனை பேரின் வேர்வை. அதற்கு நடுவில் நின்றுகொண்டுதான் டார்லீன் லவ், பனி கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று பாடினார்.

இது தெரிந்த இடத்தில்தான் எனக்குள் ஏதோ இறுக்கம் விட்டது. பனிப் பாட்டுகள் பனியில் பிறந்தவை அல்ல. "தி கிறிஸ்துமஸ் சாங்" என்ற பாட்டை மெல் டோர்மேயும் பாப் வெல்ஸும் எழுதியது 1945 ஜூலையில், சூடு தாங்க முடியாத ஒரு நாளில். குளிர்ச்சியான காட்சிகளை எழுதினால் கொஞ்சம் தணியுமா என்று வெல்ஸ் தாளில் கிறுக்கிய வரிகளிலிருந்து பிறந்தது அது. இர்விங் பெர்லின் எழுதிய "ஒயிட் கிறிஸ்துமஸ்" பாட்டுக்கு, பலர் பாடாமல் விட்டுவிடுகிற ஒரு முன்பகுதி இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் வெயில் அடிக்கிறது, பனைமரங்கள் ஆடுகின்றன, ஆனால் இன்று டிசம்பர் 24, நான் வடக்கே இருக்க ஏங்குகிறேன் என்று அதில் வரும். ஸ்பெக்டரின் ஆல்பம் டார்லீன் லவ் பாடிய இந்தப் பாட்டில்தான் தொடங்குகிறது. பாட்டுக்கு நடுவில் அவர் அந்த வரிகளைப் பாடாமல் பேசியே சொல்கிறார். அது இருந்தால்தான் பாட்டுக்கு அர்த்தமே முழுமையாகிறது. பனி இல்லாத ஊரில் இருப்பவர்தான் பனியைப் பற்றிக் கனவு காண முடியும். இல்லாததைப் பாடுவதுதான் இந்தப் பாட்டுகளின் வேலை. பனி இல்லை, வீடு இல்லை, வர வேண்டியவர் இல்லை. அப்படியென்றால் வெயிலில் கேட்பது முறைகேடு இல்லை. அவை உருவான சூழ்நிலையே அதுதான்.

சரி, பாட்டுக்கு வருவோம். பிரவுனின் பாட்டில் கிறிஸ்துமஸ் இன்னும் வரவில்லை, அவகாசம் இருக்கிறது. டார்லீன் லவ் பாடும்போது கிறிஸ்துமஸ் வந்தே விட்டது. எல்லோரும் பாடுகிறார்கள், விளக்கு எரிகிறது, போன வருஷம் கூட இருந்தவன் மட்டும் இல்லை. பின்னணிப் பெண்கள் "கிறிஸ்துமஸ்" என்ற ஒரே சொல்லை விடாமல் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். முதலில் அது கொண்டாட்டமாகக் கேட்கும். கொஞ்ச நேரத்தில், இன்னும் எவ்வளவு நேரம் காத்திருக்கப்போகிறாய் என்று அவளைக் குடைவதுபோல் ஆகிவிடும். கடைசியில் லியான் ரஸ்ஸலின் பியானோ கட்டவிழ்த்து ஓடும், டிரம்ஸ் இடிக்கும், டார்லீன் "ப்ளீஸ்" என்று கத்துவார். போதகரின் மகள் அவர், தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர். கடவுளிடம் முறையிட்டுப் பழகிய குரல் அது. வருகிறவன் காதலனா, கடவுளா என்று அந்த இடத்தில் பிரித்துச் சொல்ல முடியாது.

இவ்வளவு பெரிய குரலுக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் விட முடியாது. 1962இல் முதலிடத்துக்குப் போன "ஹீ'ஸ் எ ரெபெல்" பாட்டைப் பாடியவர் இவர்தான். ஆனால் ஸ்பெக்டர் அதை கிரிஸ்டல்ஸ் என்ற வேறு குழுவின் பெயரில் வெளியிட்டார். கிறிஸ்துமஸ் ஆல்பத்தில் பெயர் வந்தது, ஆனால் அது கடைக்கு வந்த நாள் 1963 நவம்பர் 22. அன்றைக்குத்தான் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டார். துக்கத்தில் இருந்த நாட்டுக்கு அந்த ஆரவாரம் தேவைப்படவில்லை, ஆல்பம் அமுங்கிப்போனது. 1980களின் தொடக்கத்தில் டார்லீன் லவ் பிழைப்புக்காகப் பணக்கார வீடுகளைத் துடைத்துக் கழுவும் வேலைக்குப் போனார். ஒருநாள் ஒரு வீட்டுக் குளியலறையைக் கழுவிக்கொண்டிருக்கையில் வானொலியில் இந்தப் பாட்டு வந்தது, இருக்க வேண்டிய இடம் இதுவல்ல என்று தோன்றி மறுபடி மேடையேறினேன் என்று அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1986இலிருந்து 2014 வரை டேவிட் லெட்டர்மன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஏறக்குறைய டிசம்பர்தோறும் இதைப் பாடினார். அவருடைய மற்ற பதிவுகளைத் தூக்கிப்போட்ட வானொலி, சீசன் பாட்டு என்பதால் இதை மட்டும் விடாமல் எடுத்து ஒலிபரப்பியது. எந்த முத்திரை இதைக் குறைத்து மதிப்பிட வைத்ததோ அதுதான் இதை உயிரோடும் வைத்திருந்தது. 2003இல் லானா கிளார்க்சன் என்ற நடிகையைக் கொன்ற குற்றத்துக்காக ஸ்பெக்டர் தண்டிக்கப்பட்டதும், 2021இல் தண்டனைக் காலத்திலேயே இறந்ததும் எல்லோருக்கும் தெரியும். அந்த ஆல்பத்தை நான் டார்லீன் லவ்வின் ஆல்பம் என்றுதான் சொல்வேன்.

மெம்ஃபிஸ் பக்கம்

அட்கோ கம்பெனி 1968இல் "சோல் கிறிஸ்துமஸ்" என்று ஒரு தொகுப்பு போட்டது. கறுப்பினத் தேவாலயப் பாட்டும் ரிதம் அண்ட் ப்ளூஸும் கலந்து பிறந்த சோல் இசையில் ஒரே ஒரு கிறிஸ்துமஸ் ஆல்பம்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். ஓடிஸ் ரெட்டிங், வில்லியம் பெல், கார்லா தாமஸ், புக்கர் டி அண்ட் தி எம்ஜிஸ் எல்லோரும் மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் நிறுவனத்துப் பிள்ளைகள். பழைய சினிமா கொட்டகை ஒன்றை ஸ்டுடியோவாக்கி, சரிவான தரையைக்கூட மாற்றாமல் அப்படியே வைத்துப் பதிவு செய்தவர்கள். அதே 1968இல்தான் ஸ்டாக்ஸின் இசைத்தட்டுகளை விநியோகித்து வந்த அட்லாண்டிக் நிறுவனமும் ஸ்டாக்ஸும் பிரிந்தன. ஒப்பந்தத்தில் இருந்த ஒரு பிரிவால் அதுவரை அட்லாண்டிக் விநியோகித்த மூலப் பதிவுகளெல்லாம் அட்லாண்டிக்குக்கே சொந்தம் என்று ஆகிவிட்டது. அட்லாண்டிக்கின் துணை நிறுவனமான அட்கோ இந்தப் பாட்டுகளைத் தொகுத்துப் போட முடிந்தது அதனால்தான். பாடியவர்களின் வீடே கையை விட்டுப் போன வருஷத்தில் வந்த கிறிஸ்துமஸ் ஆல்பம் இது.

இதில் ஓடிஸ் பாடும் "ஒயிட் கிறிஸ்துமஸ்" இருக்கிறது. அந்தப் பாட்டைப் புகழ்பெற வைத்த பிங் கிராஸ்பி அதை வசதியான நாற்காலியில் சாய்ந்துகொண்டு பாடியிருப்பார். ஓடிஸ் ஜார்ஜியாக்காரர், மேக்கன் நகரத்தில் வளர்ந்தவர். அவர் மெட்டைத் துண்டு துண்டாக உடைக்கிறார், ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, திக்கி, திரும்ப எடுத்து, அடுத்த சொல்லுக்குப் போக மனசில்லாமல் போகிறார். கனவு காண்கிறேன் என்று கிராஸ்பி தெரிவிப்பார், ஓடிஸ் அந்தக் கனவைக் கொடு என்று கேட்பார். 1967 டிசம்பர் 10 அன்று விஸ்கான்சினில் மொனோனா ஏரியில் விமானம் விழுந்து அவர் இறந்தார். வயது 26. இந்தப் பாட்டு வெளியானது அவர் இறந்தபின்.

அப்புறம் வில்லியம் பெல்லின் "எவ்ரி டே வில் பி லைக் எ ஹாலிடே". பெல்லும் புக்கர் டி. ஜோன்ஸும் சேர்ந்து எழுதியது. யாரும் கவனிக்காத பாட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வேன். கிறிஸ்துமஸ் ஆல்பத்தில் இருக்கிறதே தவிர, கிறிஸ்துமஸைப் பற்றி அதில் பேச்சே இல்லை. அவள் போய் ரொம்ப நாள் ஆகிறது, இன்றைக்கு மத்தியானம் ஒரு கடிதம் வந்தது, கவலைப்படாதே, சீக்கிரம் வருகிறேன் என்று எழுதியிருக்கிறாள், அவள் வந்துவிட்டால் தினமும் திருநாள்தான். இவ்வளவுதான் பாட்டு. கடிதம் வந்த நேரத்தைக்கூடச் சொல்கிறான் பாருங்கள். காத்திருந்தவனுக்குத்தான் தபால் வந்த வேளை ஞாபகம் இருக்கும். பிரவுனின் ஆள் தவணை கொடுக்கிறான், டார்லீனின் பெண்ணுக்குத் தவணை தீர்ந்துவிட்டது, இவனுக்கு மட்டும்தான் கையில் ஒரு கடிதம் இருக்கிறது. பெல்லின் குரலில் அவசரமே இல்லை. இதையா டிசம்பருக்கு மட்டும் என்று ஒதுக்கி வைப்பது?

அதே மெம்ஃபிஸில் ராக் பக்கமும் ஒன்று இருக்கிறது. பிக் ஸ்டார் என்ற குழு ஆர்டெண்ட் ஸ்டுடியோவில் பதிவு செய்தது. இவர்கள் இசைத்தட்டுகளையும் ஸ்டாக்ஸ்தான் விநியோகம் செய்தது, அந்த விநியோகம் சொதப்பியதால் 1970களின் தொடக்கத்தில் வந்த முதல் இரண்டு ஆல்பங்களும் கடைகளுக்கே சரியாகப் போய்ச் சேரவில்லை. விமர்சகர்கள் கொண்டாடினார்கள், வாங்கப் போனவருக்குக் கிடைக்கவில்லை. 1974இல் பதிவாகி 1978இல்தான் வெளிவந்த மூன்றாவது ஆல்பம் கேட்கவே பயமாக இருக்கும், மனசு உடைந்த மனிதனின் வேலை. அதன் நடுவில் "ஜீசஸ் கிரைஸ்ட்" என்று ஒரு பாட்டு. பழைய ஞானப்பாட்டு வரியில் ஆரம்பித்து, இயேசு இன்று பிறந்தார் என்று கிடார்கள் பளபளக்க குழுவின் பாடகர் அலெக்ஸ் சில்டன் பாடுகிறார். கிண்டலுக்காகப் பாடினார் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படிக் கேட்கவில்லை. இருட்டான அந்த ஆல்பத்தில் ஜன்னல் திறந்த இடம் அது ஒன்றுதான்.

எல்லோரும் வந்துவிட்ட வீடு

டானி ஹாத்தவேயின் "திஸ் கிறிஸ்துமஸ்" 1970 டிசம்பரில் வந்தது. செயிண்ட் லூயிஸில் பாட்டியிடம் வளர்ந்து, சின்னக் குழந்தையாக இருக்கும்போதே கோஸ்பல் எனும் கறுப்பினத் தேவாலய இசை மேடைகளில் பாடியவர் அவர். ஹவர்டு பல்கலைக்கழகத்தில் இசை படித்து, சிகாகோவில் பாடகர் கர்டிஸ் மேஃபீல்டின் நிறுவனத்தில் இசைக்கோர்ப்பு செய்துகொண்டிருந்தார். பாட்டை அவரோடு சேர்ந்து எழுதிய நடீன் மெக்கின்னர் சிகாகோவில் தபால் நிலைய ஊழியர்.

இதுவரை சொன்ன பாட்டுகளில் யாரோ ஒருவர் வராமல் இருக்கிறார். இதில் எல்லோரும் வந்தாகிவிட்டது. பரிசும் வாழ்த்து அட்டையும் வந்திருக்கின்றன, கணப்பு எரிகிறது, ஊர் விளக்கையெல்லாம் தாண்டி உன் கண் மின்னுகிறது. ஊதுகருவிகளான ஹார்ன்கள் முதல் நொடியிலேயே கதவைத் திறந்து விடுகின்றன. தாளம் துள்ளுகிறது, ஆனால் ஹாத்தவே அதன்மேல் ஓடாமல் சாய்ந்து நடக்கிறார். நடுவில் எல்லோரும் கைகொடுங்கள் என்று கூப்பிடும் இடத்தில் கோஸ்பல் கூட்டத்தில் வளர்ந்த பையன் அப்படியே வெளியே வந்துவிடுகிறான். சந்தோஷத்தைப் பாடுவது துக்கத்தைப் பாடுவதைவிடக் கஷ்டம் என்பது என் அபிப்பிராயம். துக்கப் பாட்டில் குரல் நடுங்கினாலே கேட்பவர் நம்பிவிடுவார். சந்தோஷப் பாட்டை நம்பவைக்க வேறு என்னவோ வேண்டும். மனநோயோடு பல வருஷம் போராடி, 1979 ஜனவரியில் 33 வயதில் நியூயார்க் ஓட்டல் அறையிலிருந்து விழுந்து இறந்துபோன ஒருவர் பாடியது இது என்று தெரிந்தபிறகும், பாட்டுக்குள் ஒரு நிழல்கூடத் தென்படவில்லை எனக்கு. அவ்வளவு முழுசாகப் பாடியிருக்கிறார்.

வந்த வருஷம் அது பெரிதாகப் போகவில்லை. "சோல் கிறிஸ்துமஸ்" ஆல்பத்தை 1991இல் மறுபடி வெளியிட்டபோது அதில் இதைச் சேர்த்தார்கள். அதற்குப் பிறகுதான் ஆளுக்கு ஆள் இதை எடுத்துப் பாட ஆரம்பித்தார்கள். இன்று அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்கள் பலவற்றில் இதுதான் கிறிஸ்துமஸ் பாட்டு. ஆனாலும் ஹாத்தவேயைப் பற்றிப் பேச்சு வந்தால் பாடகி ராபர்டா ஃபிளாக்கோடு பாடிய ஜோடிப் பாட்டுகளையும் 1972இன் மேடைப் பதிவையும் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அவருடைய மிகச்சிறந்த பதிவுகளில் முதல் மூன்றுக்குள் "திஸ் கிறிஸ்துமஸ்" வரும் என்று நான் வாதாடத் தயார். ஒருமுறை ஜூலையிலோ ஆகஸ்டிலோ, வேறு வேலை வைத்துக்கொள்ளாமல், நல்ல ஹெட்போனில் ஹார்ன்களையும் தாளத்தையும் தனித்தனியாகக் காதால் பின்தொடர்ந்து கேட்டுப் பாருங்கள், அதற்குப் பிறகு வாதத்துக்கு வாருங்கள்.